அந்தோனியாருக்கு முன்னே போன வான்

சிசிலியின் பலெர்மோவில் எந்தத் தெருவுக்கும் மூன்று வரிசை உண்டு. ஓடுகிற வண்டிகளுக்கு ஒன்று. நிறுத்திவைத்த வண்டிகளுக்கு ஒன்று. "இரண்டே நிமிடத்தில் வந்துவிடுவேன்" என்று சொல்லி நிறுத்தியவற்றுக்கு ஒன்று. மூன்றிலும் நிரந்தரமானது இந்தக் கடைசி வரிசைதான்.

போன வருடம் ஜூன் மாதம் பதுவைப் புனித அந்தோனியார் அந்த வரிசையிடம் தோற்றுப்போனார். ஒரேத்தோ வீதியில் பவனி போய்க்கொண்டிருந்தது. சில்லுப் பூட்டிய பெரிய மரக்கூட்டுக்குள் சொரூபம். முன்னால் மெழுகுதிரிகள். பின்னால் மன்னார், யாழ்ப்பாணம், தீவகம் என்று ஊர்வாரியாக, ஒருவரையொருவர் முந்தாத மாதிரி முந்திக்கொண்டு நடக்கும் எங்கள் தமிழ்ச்சனம். பேக்கரி தாண்டியதும் ஒரு சாம்பல் நிறச் சின்னக் கார் வழியை மறித்து நின்றது. அதன் சொந்தக்காரியான இத்தாலியச் சிஞ்ஞோரா பக்கத்துச் சலூனில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். சாயம் பிடிக்காமல் எழும்ப முடியாது என்று உள்ளேயிருந்து தகவல் வந்தது. அந்தோனியார் காத்திருந்தார். பாடகர் குழுத் தலைவி அகஸ்ரீனா அந்தோனியார் பாட்டுகள் எல்லாவற்றையும் பாடி முடித்து, மாதா பாட்டுகளையும் முடித்து, வேறு சரக்கு இல்லாமல், தார் உருகுகிற வெயிலில் பாலன் பிறந்த பாட்டுக்குப் போய்விட்டார். கோவிலில் திருப்பலி அந்தோனியார் இல்லாமலே தொடங்கி, அவர் இல்லாமலே முடிந்தது. சிஞ்ஞோராவின் தலை மட்டும் நல்ல செம்பட்டையாக வந்திருந்தது.

பழி முழுவதும் பலெர்மோ அந்தோனியார் பக்தர் ஒன்றியத்தின் தலைவர் கோபாலசிங்கத்தின் மேல் விழுந்தது. கூட்டை அந்த அகலத்துக்குச் செய்வித்தவர் அவர். "கத்தானியாக்காரரின் கூட்டைவிட ஒரு சாணாவது பெரிசா இருக்கவேணும்" என்பது அன்றைய தலைமை உரையின் சாரம்.

கோபாலசிங்கம் கிழமை முழுவதும் லிபெர்த்தா வீதியில் ஓய்வுபெற்ற ஒரு வழக்கறிஞரை, இத்தாலியனில் அவ்வொக்காத்தோவை, பராமரிக்கிறார். அந்தச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பல வருடம் நடந்ததில், அவ்வொக்காத்தோவின் பழைய கோட்டுகளும், பேசுமுன் தொண்டையைச் செருமும் பழக்கமும், எதிரில் நிற்கும் எவரும் வழக்கில் தோற்கப்போகிறவர் என்ற பார்வையும் இவரிடம் வந்து சேர்ந்துவிட்டன. அவ்வொக்காத்தோவிடம் இப்போது மிஞ்சியிருப்பது இருமல் மட்டும்.

இந்த வருடத் திருவிழாவுக்கு மூன்று கிழமை இருக்கையில், பங்கு மண்டபத்தில் கூட்டம் கூடியது. ரோல்ஸும் ரீயும் இருந்ததால் வரவு நன்றாக இருந்தது. கோபாலசிங்கம் எழும்பினார். செருமினார்.

"சுருங்கச் சொன்னால்" என்று தொடங்கினார்.

அது சுருங்கவில்லை. உரை நைல் நதி, ரோமப் பேரரசு வழியாக வந்து, ரோல்ஸ் தட்டு வெறுமையான கட்டத்தில், ஒருவழியாக ஒரேத்தோ வீதிக்குள் திரும்பியது.

"இந்த முறை ஆறு மணிப் பூசைக்கு ஆயர் இல்லத்திலையிருந்து மொன்சிஞ்ஞோர் வாறார். அவர் பீடத்திலை ஏற முதல், அந்தோனியார் ஒரேத்தோ வீதியாலை போய்த் திரும்பிவந்து கோயில் வாசல்லை நிப்பார். நிக்காட்டி, அந்த வாசல்லையே, எல்லாற்றை கண்ணுக்கு முன்னாலையும், இந்தத் தலைவர் பதவியை விட்டு இறங்குவன். பட்டியையும் கழட்டி உப தலைவரிட்டைக் குடுப்பன்."

பட்டி என்பது தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே போகும் சிவப்புப் பட்டு. 'தலைவர்' என்று பொன் நூலில் எழுதியிருக்கும். எழுத்துத் தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும் என்பதற்காக, யாழ்ப்பாணத்துத் தையற்காரருக்குத் தொலைபேசியில் மூன்று தடவை அறிவுறுத்தல் போனது.

உப தலைவர் ஜோக்கிம் பல்லரோச் சந்தையில் மீன் வெட்டுகிறவர். மன்னார்க்காரர். பெரிதாகக் கதைக்கமாட்டார். நாள் முழுக்க மீனோடு நிற்பவருக்குக் கதை கொஞ்சம் குறைந்துவிடும்போல. அவர் தலைவரின் நெஞ்சை மேலும் கீழும் பார்த்தார்.

"நீளம் காணுமோ தெரியேல்லை. எனக்கு வயிறு கொஞ்சம் கூட" என்றார்.

சனம் சிரித்தது. கோபாலசிங்கத்தின் காது சிவந்தது. சொன்ன சொல்லை இனி விழுங்க முடியாது. சொல்லும்போது ஏதாவது வழி தோன்றும் என்று அவர் நம்பியிருந்தார். அவர் உரைகளில் வழக்கமாக அப்படித்தான். இந்த முறை ஒன்றும் தோன்றவில்லை.

"பொலிஸிட்டைக் கேட்டனீங்களோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"கேட்டது. கார் எடுக்கிறதுக்குப் பொலிஸுக்கு நேரமில்லையாம். கார்க்காரரிட்டைத் தயவாய்க் கேக்கட்டாம்."

இப்போது சிரிப்பு இன்னும் பெரிதாக வந்தது. ரீ மேசையடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த விமலராணி கையைத் துடைத்தார்.

"தலைவர், பொலிஸும் வராது, சலூனிலை இருக்கிற சிஞ்ஞோராவும் எழும்பாது. இவரின்ரை வானை முன்னுக்கு விடுங்கோவன்."

இவர் என்றது கணவர் ஏர்னஸ்றை. ஏர்னஸ்ற் வாயில் ரோல்ஸ் இருந்ததால் ஆட்சேபணை உடனே வெளிவரவில்லை.

ஏர்னஸ்ற் ஓட்டுவது ஒரு வெள்ளை வான். கத்தானியாவிலிருக்கும் ஒரு கொம்பனி நகரசபைக்காகத் தெருக்களில் வண்டிகளை எண்ணுகிறது. வானின் கூரையில் மடங்கி நிமிரும் ஒரு கம்பம். அதன் உச்சியில் கமெரா, ராடர், சுழலும் மஞ்சள் லைற். எத்தனை வண்டி போகிறது, என்ன நீளம், என்ன வேகம் என்று பதிந்துகொண்டே போகும். ஒரு தெருவில் மேலும் கீழுமாக ஓட்டினால் அந்தத் தெருவின் கதை கணினிக்குள் வந்துவிடும். யாருக்கும் தண்டம் எழுதாது. யாருடைய நம்பரையும் யாருக்கும் அனுப்பாது. 'போக்குவரத்துக் கணக்கெடுப்பு' என்று வானின் இரு பக்கமும் இத்தாலியனில் பெரிதாக எழுதியும் இருக்கிறது. ஆனால் பலெர்மோவில் கம்பமும் கமெராவும் உள்ள எதுவும் ஔத்தோவெலொக்ஸ்தான். வேகம் பிடித்துத் தண்டம் அடிக்கும் பிசாசு. பிசாசின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் நின்று வாசிப்பதில்லை.

"இவர் சாப்பிட வந்து வீட்டுக்குக் கீழை வானை விட்டா, எங்கட தெருவிலை ஒரு கார் நிக்காது" என்றார் விமலராணி. "போன கிழமை மேல்வீட்டுச் சிஞ்ஞோர் பைஜாமாவோடை ஓடிவந்து காரை எடுத்துக்கொண்டு போனவர். இன்னும் திரும்பி வரேல்லை."

ஏர்னஸ்ற் விழுங்கி முடித்தார். "அண்ணை, உது எண்ணும். அவ்வளவுதான். ஒரு சிலந்திக்குக்கூடத் தண்டம் அடிக்காது."

"அது உமக்கும் எனக்கும் தெரியும்" என்றார் கோபாலசிங்கம். கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. "சிசிலிக்காரருக்குத் தெரியாது. நீண்டகாலமாய் என்ரை மனதிலையும் இந்த யோசனை இருந்துகொண்டுதான் இருந்தது."

விமலராணி திரும்பவும் கோப்பை கழுவப் போனார்.

ஏர்னஸ்றுக்கும் தப்ப வழியில்லாமல் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் அவர் ஒரேத்தோ வீதியில்தான் எண்ண வேண்டியிருந்தது. அது கொம்பனியின் ஏற்பாடு. எண்ணுகிற வானுக்குப் பின்னால் அந்தோனியார் வரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

நடுவில் ஒருநாள் வெள்ளோட்டம் பார்த்தார்கள். கோபாலசிங்கம் முன்சீற்றில் கோட்டோடு ஏறி உட்கார்ந்தார். வான் மெதுவாக ஒரேத்தோ வீதிக்குள் நுழைந்தது. மஞ்சள் லைற் சுழன்றது. பேக்கரி வாசலிலிருந்து ஒருவர் வாயில் பணிஸோடு ஓடிவந்து காரை எடுத்தார். மருந்துக்கடை வாசலில் ஒரு தம்பதி, ஒருவர் மேல் ஒருவர் பழிபோட்டுக்கொண்டு, ஒரே காரின் இரண்டு கதவாலும் ஏறினார்கள். மோட்டார் சைக்கிள்கள் நடைபாதையில் ஏறின. தெரு கொஞ்சம் கொஞ்சமாக வழிவிட்டுத் திறந்தது. கோபாலசிங்கம் கண்ணாடியை இறக்கி, இரு பக்கமும் தலையை மெல்ல அசைத்து, ஓடுகிறவர்களின் வணக்கத்தை ஏற்றுக்கொண்டே போனார்.

"அவை தனக்குப் பயப்பிடீனம் எண்டு அண்ணை நினைச்சிட்டார்" என்றார் ஏர்னஸ்ற் அன்று இரவு வீட்டில்.

"நினைக்கட்டும்" என்றார் விமலராணி. "ஞாயிறு மட்டும் நினைக்கட்டும்."

ஞாயிறு வந்தது. நாலு மணிக்கு ஏர்னஸ்ற் வானைக் கோவில் முற்றத்தில் விட்டுவிட்டு, மண்டபத்துக்குள் ஒரு ரீ குடிக்கப் போனார். ரீயோடு பற்றிஸ் இருந்தது. பற்றிஸோடு கதை இருந்தது. திரும்பி வந்தபோது அவருடைய வானைக் காணவில்லை. அது நின்ற இடத்தில் ஒரு கலியாணம் நின்றது.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. புனிதருக்கு முன்னால் வெறுமையாக எதுவும் போகக்கூடாது. லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் போனாலும் சோடனை வேண்டும், தண்ணீர் கொண்டுபோகும் பவுசர் போனாலும் வேண்டும். ஒன்றியத்தின் சோடனைக் குழு அரை மணி நேரத்தில் வானை முடித்திருந்தது. பக்கமெல்லாம் நீலமும் வெள்ளையுமாகக் கிறேப் கடதாசி. 'போக்குவரத்துக் கணக்கெடுப்பு' என்ற எழுத்தின் மேல் பிளாஸ்ரிக் மாவிலை. கண்ணாடி ஓரங்களில் பலூன். கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய். மஞ்சள் லைற்றைச் சுற்றி மினுக்கும் சின்ன லைற்றுகள். கம்பத்தில், உச்சியிலிருந்து கூரை வரை, ஒரு பெரிய துணிப் பனர். அதில் ஒரு மூலையில் அந்தோனியார். மிச்சமெல்லாம் கோபாலசிங்கம்.

ஏர்னஸ்ற் தலையில் கை வைத்தார்.

"அண்ணை, கமெராவை மூடிப்போட்டியளே. கத்தானியாவிலை இருந்து போன் அடிக்கப்போறான்."

"கமெராவுக்கு ஒரு ஓட்டை வைச்சா முடிஞ்சுது. ஜோக்கிம், கத்தரிக்கோல் இருக்கோ?"

ஜோக்கிமிடம் மீன் கத்தரிக்கோல் இருந்தது. கமெரா இருந்த உயரத்துக்கு நேரே பனரில் வந்தது தலைவரின் முகம். ஜோக்கிம் அதிகம் யோசிக்கவில்லை. இடது கண்ணை வட்டமாக வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்போது ஒரு கண்ணால் கோபாலசிங்கமும் மறு கண்ணால் கொம்பனியும் பலெர்மோவைப் பார்த்தார்கள்.

"அண்ணை, நான் ஒண்டு கேக்கிறன்" என்றார் ஏர்னஸ்ற். "இப்ப உதைப் பாத்து ஆர் பயப்பிடுவினம்?"

"அந்தோனியாருக்கு முன்னாலை வெறும் வானோ? மொன்சிஞ்ஞோர் என்ன நினைப்பார்? நாலு சனம் என்ன சொல்லும்?"

"ஒரு சனம் சொல்லுறன், கேளுங்கோ—"

"ஏறும் ஏர்னஸ்ற். மணி போகுது."

பவனி வெளிக்கிட்டது. முன்னால் வான், அதன் பின்னால் பட்டியோடு கோபாலசிங்கம், அவருக்கு ஒரு அடி பின்னால் ஜோக்கிம், பிறகு கூடு, பிறகு சனம். ஒரேத்தோ வீதியின் வாசலில், வழக்கம்போல் மூன்று வரிசையும் நிறைந்திருந்தது. ஏர்னஸ்ற் மஞ்சள் லைற்றைப் போட்டார். அது சின்ன லைற்றுகளோடு கலந்து, ஐஸ்கிரீம் வண்டியின் அழகோடு சுழன்றது.

ஒரு காரும் ஓடவில்லை.

அதைவிட மோசம், வந்தன. சிசிலிக்காரருக்கு ஔத்தோவெலொக்ஸ் எவ்வளவு பயமோ அவ்வளவு பிரியம் புனிதர்கள்மேல். அதிலும் அந்தோனியார். போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும், பார்த்ததும் பிரேக் அடித்து, நின்ற இடத்திலேயே காரை விட்டு இறங்கிச் சிலுவை போட்டார்கள். பேக்கரிக்கு முன்னால் பாஸ்குவாலே என்றொருவர் உண்டு. தெருவில் கார் நிறுத்த இடம் காட்டுவதே அவர் தொழில். அந்தத் தொழிலை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, யாரும் பறிக்கவும் முடியாது. திருவிழாவைக் கண்டதும் அவர் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். "வா, வா, வா, இன்னும் வா, இடமிருக்கிறது" என்று நாலாவது வரிசையையே தொடக்கிவைத்தார்.

வான் பேக்கரிக்கு நேரே நின்றது. முன்னால் கார். பக்கத்தில் கார். பின்னால் அந்தோனியார்.

ஒரு தாய் கைக்குழந்தையைத் தூக்கிக் கம்பத்தில் தொட்டு, தன் நெற்றியிலும் ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்து இன்னொருவர் தன் பிள்ளையைத் தூக்கினார். சற்று நேரத்தில் பிள்ளைகள் வரிசையாகப் போக்குவரத்துக் கணிப்பானை முத்தமிட்டுக்கொண்டிருந்தன. மேல்மாடியிலிருந்து ஒரு கிழவர் ராடரின் மேல் ரோசாப்பூ இதழ் போட்டார்.

ஏர்னஸ்றின் போன் அடித்தது. கத்தானியாவிலிருந்து மேலாளர்.

"ஏர்னெஸ்தோ, தெருவின் வேகம் பூச்சியம் காட்டுகிறது. ராடர் பழுதா?"

"இல்லை. நல்லாய் வேலை செய்கிறது."

"அப்புறம், உனக்குப் பின்னால் ஒரு பாரவண்டி விடாமல் ஒட்டிக்கொண்டு வருகிறதே. முந்தவே மாட்டேன் என்கிறதே. யார் அது?"

ஏர்னஸ்ற் கண்ணாடியில் பார்த்தார். "சந்த் அந்தோனியோ."

மறுமுனையில் மேலாளர் சிலுவை போட்டுக்கொள்ளும் முணுமுணுப்புக் கேட்டது.

"சரி" என்றார் மேலாளர். "அவரை எரிச்சல்படுத்தாதே." போனை வைத்துவிட்டார்.

கோவில் மணிக்கூட்டில் ஐந்தேகால் அடித்தது. கோபாலசிங்கம் வியர்த்திருந்தார். முதலில் கையைக் காட்டி வழி கேட்டார். பிறகு அவ்வொக்காத்தோவின் தொண்டையால் செருமினார். வழக்கில் தோற்கப்போகிறவர்கள் அனைவரும் அவரைச் சந்தோசமாகப் பார்த்தார்கள். ஒருவர் அவருக்கு ஐஸ் போட்ட பழச்சாறு நீட்டினார்.

அகஸ்ரீனா ஒலிவாங்கியை மூடிக்கொண்டு, "தலைவர், அந்தோனியார் பாட்டு இன்னும் ரெண்டுதான் கிடக்கு. பேந்து பாலன் பிறந்த நத்தார்ப் பாட்டுத்தான்" என்றார்.

கூட்டத்துக்குள்ளிருந்து விமலராணி முன்னால் வந்தார். செருப்பு அறுந்து கையில் இருந்தது.

"சோடனையைக் கழட்டுங்கோ."

"என்ன?"

"கழட்டுங்கோ எண்டுறன். சனம் அதுக்குப் பயந்து ஓடவேணும் எண்டுதானே கொண்டு வந்தனீங்கள்? இப்ப அது பொம்பிளை பாக்கப் போற மாதிரி நிக்குது. பின்னை ஆர் ஓடுவினம்?"

கோபாலசிங்கம் ஜோக்கிமைப் பார்த்தார். ஜோக்கிம் தன் வயிற்றை உள்ளே இழுத்து, இடுப்பளவை விரலால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பலூனைக் கழட்டுங்கோ" என்றார் கோபாலசிங்கம்.

பலூன் போனது. சின்ன லைற் போனது. மாவிலை போனது. கிறேப் கடதாசியை இழுத்தபோது தீவகத்துப் பெண்கள் இரண்டு பேர் அதற்குள் சுற்றுண்டு போனார்கள், அவர்களையும் கழற்றினார்கள். வானின் வெள்ளை தெரிந்தது. சனம் கொஞ்சம் பின்வாங்கியது. ஒருவர் காரின் திறப்பைத் தேடிப் பைக்குள் கையை விட்டார். எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். அவர் அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தார். முகம் தெளிந்தது. நேரே கோபாலசிங்கத்திடம் வந்தார்.

"இது நீங்கள்தானே?" என்று பனரைக் காட்டினார். "எந்தக் கட்சி? என் மருமகனுக்குத் துறைமுகத்தில் ஒரு வேலை வேண்டும்."

அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவருக்குக் குடிநீர்க் குழாய். ஒருவருக்கு ஓய்வூதியம். பலெர்மோவில் எவரும் தேர்தல் வேட்பாளருக்குப் பயந்து காரை எடுப்பதில்லை.

"பனரும் போகவேணும்" என்றார் விமலராணி.

"அதிலை அந்தோனியார் இருக்கிறார்."

"அந்தோனியார் பின்னாலை கூட்டுக்குள்ளை இருக்கிறார். முன்னாலை இருக்கிறது நீங்கள்."

மணிக்கூட்டில் ஐந்தரை. கோபாலசிங்கம் தன் முகத்தை அண்ணாந்து பார்த்தார். ஊரிலிருந்து வந்த பிறகு எடுத்ததிலேயே நல்ல படம் அது. அவ்வொக்காத்தோவின் நூலகத்தில், அவர் தூங்கும்போது, அவருடைய நாற்காலியில் இருந்து எடுத்தது. இரண்டு கண்ணோடு இருந்த காலத்தில் அதற்கு ஒரு கம்பீரம் இருந்தது.

"ஒருத்தரும் தொடவேண்டாம்" என்றார். "நானே கழட்டுறன்."

ஜோக்கிம் குனிந்து தோளைக் கொடுத்தார். கோபாலசிங்கம் மீன் மணத்தின் மேல் ஏறி, அங்கிருந்து வானின் கூரைக்கு ஏறினார். சோடனைக் குழுவுக்காகப் பனரைக் கட்டியதும் ஜோக்கிம்தான். கடலில் வள்ளம் கட்டுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

"என்னடாப்பா இப்பிடிக் கட்டிப்போட்டாய்?"

"காத்துக்குக் கழண்டு போகாம இருக்கவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னியள்" என்றார் ஜோக்கிம் கீழேயிருந்து.

கோபாலசிங்கம் முடிச்சோடு போராடினார். பல்லால் கடித்தார். கடைசியில், கம்பத்தை ஒரு கையால் கட்டிப்பிடித்துக்கொண்டு, தன் மூக்கில் தொடங்கித் தன்னைத் தானே நீளத்துக்குக் கிழித்தார். நெற்றி ஒரு பக்கம் போனது, மீசை ஒரு பக்கம் போனது. மிச்சத்தைக் காற்று கொண்டுபோய்ப் பேக்கரிப் பெயர்ப்பலகையில் போட்டது.

வெறும் கம்பம். கமெரா. ராடர். மஞ்சள் லைற், ஐஸ்கிரீம் அழகெல்லாம் போய், தனியாக, கெட்ட நோக்கத்தோடு சுழன்றது.

பாஸ்குவாலேதான் முதலில் கண்டார். நாலாவது வரிசைக்கு ஒரு காரை அழைத்துக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது.

"ஔத்தோவெலொக்ஸ்" என்றார், அதிகம் சத்தமில்லாமல்.

அந்தச் சொல் மாடிக்கு ஏறியது. மாடியிலிருந்து அடுத்த மாடிக்குத் தாவியது. சலூனுக்குள் போனது, மருந்துக்கடைக்குள் போனது, வேலை கேட்டு நின்ற வரிசைக்குள் போனது. மருமகனின் மாமா முதல் ஆளாக ஓடினார். எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செருமின. சவர நுரையோடு ஒருவர், காலில் பஞ்சு செருகி நகத்துக்குச் சாயம் பூசியபடி ஒரு சிஞ்ஞோரா, குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடிப் பாதியில் நினைவு வந்து திரும்பிய ஒரு தகப்பன். நாலாவது வரிசை போனது. மூன்றாவது போனது. சட்டப்படி நிறுத்தியிருந்தவர்கள்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று, எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரேத்தோ வீதி கடைசிவரை திறந்து கிடந்தது. அந்தத் தெரு அத்தனை அகலம் என்று அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

ஏர்னஸ்ற் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார். "அண்ணை, கெதியா இறங்குங்கோ. தண்டம் அடிக்கேல்லை எண்டு கண்டா அஞ்சு நிமிஷத்திலை எல்லாம் திரும்பி வந்திடும்."

கோபாலசிங்கம் கீழே பார்த்தார். ஜோக்கிம் கையை நீட்டிக்கொண்டு நின்றார். இறக்கிவிட நீட்டிய கையா, பட்டியை வாங்க நீட்டிய கையா என்பது மேலிருந்து பார்க்கத் தெரியவில்லை.

"எடும் வானை" என்றார் கோபாலசிங்கம்.

"அண்ணை—"

"எடும் எண்டுறன்."

ஏர்னஸ்ற் எடுத்தார். கோபாலசிங்கம் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். வான் நடையைவிடக் கொஞ்சம் கூடிய வேகத்தில்தான் போனது, ஆனால் கூரையில் நிற்கும் தலைவருக்கு அது வேறு கணக்கு. கூடு பின்னால் உருண்டது. தள்ளுகிறவர்கள் முதலில் நடந்தார்கள், பிறகு எட்டி நடந்தார்கள், தெரு சற்று இறங்கும் இடத்தில் ஓடினார்கள். அதன்பிறகு கூடுதான் அவர்களை ஓட்டிக்கொண்டு போனது. மெழுகுதிரிகள் எல்லாம் அணைந்தன. அகஸ்ரீனா செபமாலையைத் தொடக்கினார். ஓடிக்கொண்டே சொன்னதால் 'அருள் நிறைந்த மரியே' முடியுமுன் அடுத்தது வந்து ஏறியது. சனம் மூச்சுக்கு ஒரு மணி உருட்டியது. மன்னாரும் தீவகமும் வரிசை மறந்து கலந்தன. யாழ்ப்பாணம் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டே ஓடியது. விமலராணி மற்றச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

மாடிகளில் நின்றவர்களுக்கு ஒரு காட்சி கிடைத்தது. சுழலும் மஞ்சள் ஒளிக்குக் கீழே, சிவப்புப் பட்டி காற்றில் பறக்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு மனிதர் இரும்புக் கம்பத்தைத் தழுவியபடி வருகிறார். பின்னால் அந்தோனியார் துரத்திக்கொண்டு வருகிறார். இது இந்தச் சனத்தின் பெரிய நேர்த்திக்கடன் போலிருக்கிறது என்று நினைத்து, சில சிஞ்ஞோராக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்பு ராடரின் மேல் பூப்போட்ட கிழவர் மிச்சம் வைத்திருந்த ரோசாப்பூ இதழ்கள் தலைவரின் கோட்டுக்குள் விழுந்தன.

தெருமுனையில் திரும்பி, மறுபக்கத்தால் வந்தார்கள். அங்கும் செய்தி முன்னரே போயிருந்தது. ஒரு காரும் இல்லை. ஒரே ஒரு நாய் இருந்தது. அதுவும் நடைபாதையில் ஏறிக்கொண்டது.

ஆறு மணிக்குக் கொஞ்ச நேரம் இருக்கையில் வான் கோவில் வாசலில் நின்றது. கூடு அதன் பின்பக்கத்தில் மெல்ல முட்டி நின்றது. படியில் மொன்சிஞ்ஞோர் நின்றிருந்தார். அவர் அந்தோனியாரைப் பார்த்தார், மூச்சு வாங்கும் சனத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"அது யார்?" என்று பங்குத்தந்தை டொன் கார்மேலோவிடம் கேட்டார்.

"தலைவர்."

"எதனுடைய?"

டொன் கார்மேலோ மொன்சிஞ்ஞோரின் முழங்கையைப் பிடித்து மெல்ல உள்ளே திருப்பினார். மணி அடித்தது. எல்லாரும் உள்ளே போனார்கள்.

கோபாலசிங்கம் போகவில்லை. கம்பத்தை விட அவருக்குத் துணிவு வரவில்லை. ஜோக்கிமின் தோளில் இறங்கிப் பார்க்கலாம் என்றால், கூட்டைத் தள்ளி வந்ததில் அந்தத் தோளும் போய்விட்டது. ஏணி பீடத்துக்குப் பின்னாலுள்ள சங்கீத்தியறையில் இருந்தது, அதன் திறப்பு கோவில் வேலைகளைப் பார்க்கும் சங்கிலித்தாமிடம் இருந்தது, சங்கிலித்தாம் பூசையில் இருந்தார். தலைவர் திருப்பலியைக் கூரையிலிருந்து முழுவதும் கேட்டார். விமலராணி ஒரு தண்ணீர்ப் போத்தலை எறிந்தார். பிடிக்கக் கை விட வேண்டும் என்பதால் அது அப்படியே மறுபக்கம் போய் விழுந்தது.

பூசை முடிந்து சனம் முற்றத்துக்கு வந்தது. இத்தனை வருடத்தில் இப்படியொரு திருவிழா நடந்ததில்லை என்பதே பேச்சு. கிழவிகள் இருவர் வானின் ரயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திப் போட்டன்" என்றது மேலிருந்து ஒரு குரல். செருமல் இல்லாமல் அது வேறு யாரோ மாதிரி இருந்தது. "நான்தான் தலைவர்."

"ஓம் அண்ணை" என்றார் ஜோக்கிம். "நீங்கள்தான். அதிலை ஒரு கதையும் இல்லை." இவ்வளவு நீளமாக அவர் கதைத்ததை எவரும் கேட்டதில்லை. அவர் சனத்தின் பக்கம் திரும்பினார். "வாற வருஷமும் வான் வேணும். வானுக்கு மேலை ஆள் வேணும். ஆள் நிண்டபடியால்தான் தெரு திறந்தது. அது வெறும் ஆள் இல்லை, தலைவர். கூட்டுக்கு முன்னாலை கீழை நடக்கிறதுக்கு ஒராள் வேணும்தானே, அதை உப தலைவர் பாப்பார்."

"கீழை நிண்டு தலைவரா இருக்கேலாதோ?" என்று கேட்டது குரல்.

"அந்தோனியாருக்குப் பிடிச்சது இதுதான்" என்றார் ஒரு கிழவி, ரயரடியிலிருந்து, முடிவாக.

"நான் ராஜினாமா செய்யிறன்."

"வாக்குக்கு விடுவம்" என்றார் ஜோக்கிம். "கோபாலசிங்கம் அண்ணை தொடர்ந்தும் தலைவரா இருக்கவேணும் எண்டுறவை கை தூக்குங்கோ."

முற்றம் முழுவதும் கை எழும்பியது. மன்னார் தூக்கியது, யாழ்ப்பாணம் தூக்கியது, தீவகம் இரண்டு கையும் தூக்கியது. ஏர்னஸ்ற் பற்றிஸ் இருந்த கையைத் தூக்கினார்.

"எதிர்க்கிறவை?"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கோபாலசிங்கத்தின் வலது கை கம்பத்திலிருந்து ஒரு விரலளவு விலகியது. வான் இலேசாக ஆடியது. கை உடனே திரும்பிப் போய்க் கம்பத்தைக் கட்டிக்கொண்டது.

"ஏகமனதாக" என்றார் ஜோக்கிம். கைதட்டல் எழுந்தது. சங்கிலித்தாம் ஏணியை எடுக்கப் போனார்.